மூன்றாவது கியரில் ஃபுல் லோடு

என் மனைவிக்கு இடது முட்டியில் ஆபரேஷன் என்று முடிவான நாளுக்கு என் டைரியில் மூன்று வரிகள்தான் இருக்கின்றன. முதல் வரி டாக்டர் சொன்னது: குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, செயற்கை மூட்டு வைத்தாக வேண்டும், ஆவணி பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது அவள் கேட்டது: "அப்புறம் வண்டி ஓட்டலாமா?" மூன்றாவது அதற்கு டாக்டரின் பதில்: "ஆட்டோமேட்டிக் கார்னா ஓட்டலாம்மா. கிளட்ச் வண்டி, அதுவும் லோடு வண்டி, இப்ப என்னால உறுதியா சொல்ல முடியாது."

நான்காவது வரியை மறுநாள்தான் எழுதினேன். ஆஸ்பத்திரிப் படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்கும்போது அவள் சொன்னது அது. வருத்தத்தில் வந்த பேச்சு, வீட்டுக்குப் போனால் மறந்துவிடுவாள் என்று அன்று விட்டுவிட்டேன். அவள் மறக்கவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னாள்.

"ஏங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ, லோடு இல்லாம, எதிர்ல ஒருத்தரும் வராம, முழுசா மிதிச்சு ஓட்டிப் பாக்கணும்."

பதினோரு வருடமாக அவள் ஓட்டுவது ஒரு டீசல் பிக்கப். அவளுடைய பிறந்த வீடு அண்ணாகிராமம் பக்கம், முந்திரியும் பலாவும். சீசனில் காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போவாள். சீசன் இல்லாத மாதங்களில் முந்திரி மூட்டை, கத்தரிக்காய்ப் பெட்டி, சில சமயம் யாருடைய வீட்டுச் சாமானாவது. பலாப்பழம் ஏற்றிய வண்டியை வளைவில் வேகமாகத் திருப்ப முடியாது, பழம் உருளும். சட்டென்று பிரேக் பிடித்தால் முன்னால் வந்து கேபினில் மோதும். குமராட்சிப் பக்கம் அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் மினிபஸ் வரும். இத்தனை வருடத்தில் அந்த எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு ஒரு சந்தர்ப்பம்கூட வாய்க்கவில்லை. அவள் ஆசையை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரில் ஒரு எடைமேடையில் வேலை. லாரி ஏறும், எடையை எழுதுவேன், லாரி இறங்கும். இருபத்தாறு வருடம். வீட்டுக்கு வந்தும் நாள், நேரம், நடந்தது என்று எழுதாவிட்டால் கை ஓய மாட்டேன் என்கிறது.

சென்னைக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போனை எடுத்தவர் "பிக்கப்பா? பிக்கப்பா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு யாரிடமோ பேசிவிட்டு வந்து, எண்ணெய் ஒழுகக் கூடாது, பின்னால் ஒரு சாமான் இருக்கக் கூடாது, கார்களெல்லாம் முடிந்த பிறகு தனியாக ஐந்து ரவுண்டு விடுகிறோம் என்றார். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்னால்.

வண்டியைத் தயார் செய்ய வேண்டியவர் என் மச்சான். மனைவியின் தம்பி, நான்கு வயது இளையவர், சிதம்பரம் பைபாஸில் டீசல் வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் கையைத் துணியில் துடைத்தபடி என் காதருகே குனிந்தார்.

"மாமா, அக்காவுக்கு முட்டில ஆபரேஷனா, இல்ல மூளையிலயா?"

"டேய்," என்றாள் அவள், வண்டிக்குள்ளிருந்து. "காதுல ஆபரேஷன் இல்லடா எனக்கு. நல்லாவே கேக்குது."

"இல்லக்கா, இது பலாப்பழ வண்டி. பின்னாடி லோடுக்குன்னே போட்ட கட்டு வில்லு. வளைவுல காலிவண்டி தூக்கியடிக்கும்."

"குமராட்சில வெள்ளம் வந்தப்ப கிளட்ச் போயி, கிளட்சே இல்லாம இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து உன் வாசல்ல நிறுத்துனேனே, அப்ப தூக்கியடிச்சுதா?"

"அன்னிக்கு நீ கியர் பாக்ஸ படுத்துன பாட்டுக்கு நான் ஒரு வாரம் அழுதேன்."

"அழு. இப்பவும் அழு. ஆனா வேலைய ஆரம்பி."

மச்சான் பானெட்டைத் திறந்தார். அவர் பேச்சை நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தால் சம்மதம் என்று அர்த்தம்.

அடுத்த மூன்று ஞாயிறும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போனோம். வழியில் புதுச்சத்திரத்தில் டீ. ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு முன்னால் காலை நீட்டி வைக்கக் கவிழ்த்த ஒரு கிரீஸ் டப்பா. அங்கிருந்தபடி அவள் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தாள்.

முதலில் எஞ்சின். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் மச்சான் சோப்புத் தண்ணீரைத் தடவி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்தார். ஓரிடத்தில் சின்னக் குமிழ்கள் வந்தன. கிளிப்புக்கு அடியில் ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல். "ரெண்டு வருஷமா இழுவ கொறையுதுன்னு சொன்னேன், லோடு ஜாஸ்தி அக்கான்னு சொல்லி அனுப்புனியே," என்றாள் அவள். மச்சான் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை முதன்முறை பார்ப்பவர்போல உற்றுப் பார்த்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினோம். நான்கில் ஒன்று மற்றவற்றைவிடக் கூடுதலாக டீசல் ஊற்றிக்கொண்டிருந்தது.

பிறகு கியர் பாக்ஸ். அதை இறக்கிப் பலகையில் பரப்பியபோது மூன்றாவது கியரின் சிங்க்ரோ வளையம் மட்டும் பல் மழுங்கியிருந்தது. கியர் மாற்றும்போது இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்கி, உரசாமல் சேர்த்துவைக்கும் பித்தளை வளையம் அது. மற்ற கியர்களின் வளையங்கள் நன்றாகவே இருந்தன. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே லோடு வண்டிக்கு வாழ்க்கையே மூன்றாவது கியரில்தான் என்றார் மச்சான். புது வளையம், புது எண்ணெய். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டின் இணைப்புகளையும் மாற்றினார். எல்லாவற்றையும் பாகம், நிலை, செய்தது என்று மூன்று பத்தியாக நான் எழுதிக்கொண்டேன். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி கேஸ் சீட்டு மாதிரி இருக்கு மாமா," என்றார்.

எஞ்சினின் கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு மட்டும் மச்சானுக்கு ஆள் தேவைப்பட்டது. டீசல் எப்போது, எவ்வளவு, டர்போ எவ்வளவு அழுத்தம் என்று முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். கோயம்புத்தூரில் அதையே தொழிலாகச் செய்யும் ஒருவரைப் பிடித்தோம். அவர் நேரில் வர வேண்டியதில்லை. வண்டியில் ஒரு கருவியைச் செருகி, ஓட்டி, பதிவை அனுப்பினால் அங்கிருந்தே பார்த்துப் புது ஃபைல் அனுப்புவார். என்ன செய்ய வேண்டும் என்று குரல் செய்தி அனுப்பினார். அதை நான்தான் கேட்டு டைரியில் எழுதினேன். எழுதியது அப்படியே இருக்கிறது: "மூன்றாவது கியர். ஃபுல் லோடு. எஞ்சின் சுற்று 1500-லிருந்து 4000 வரை ஒரே மூச்சாக. குறைந்தது ஆறு முறை."

"எவ்ளோ லோடு மாமா?" என்றார் மச்சான்.

"ஃபுல் லோடுன்னா ஆர்.சி. புக்ல இருக்கிறதுதானே. ஆயிரத்து இருநூறு கிலோ."

அந்த இடத்தில் என்னைத் தடுக்க உலகத்தில் யாருமே இல்லை. எடைமேடைக்காரன் ஒருவன் லோடு என்று சொன்னால் மெக்கானிக் எதற்கு மறுபேச்சுப் பேசப்போகிறார்? மறுநாளே காடாம்புலியூரில் ஏற்றிய பலாப்பழத்தை என் எடைமேடையில் நிறுத்தி, பதினெட்டு கிலோ குறைவதைப் பார்த்து, மேலும் இரண்டு பழம் வாங்கி ஏற்றினேன். ஆயிரத்து இருநூற்று மூன்று. சீட்டை டைரியில் ஒட்டினேன்.

சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் புறவழிச் சாலையில் இன்னும் திறந்துவிடாத ஒரு துண்டு இருந்தது. அங்கே வேலை பார்த்த மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டு. மச்சான் பைக்கில் பின்னால். மூன்றாவது கியரில் மெதுவாக்கி, பெடலை அடிவரை மிதித்தாள். வண்டி முனகியது. பழங்கள் ஒன்றோடொன்று மோதிப் பின்பக்கம் சரிந்தன. சுற்று காட்டும் முள் ஏறவே மாட்டேன் என்றது. இரண்டு முறை, மூன்று முறை. நான்காவது முறை எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறியது, வண்டியின் வேகம் மட்டும் ஏறவில்லை. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. "ஏறுது, ஏறுது," என்று கத்தினேன்.

"ஏறல. வழுக்குது," என்றாள் அவள்.

ஐந்தாவது முறையில் கேபினுக்குள் கருகல் நாற்றம் வந்தது. ஆறாவது முறையில் பின்கதவுக் கொக்கி விட்டுக்கொடுத்தது. மச்சானின் பைக்குக்கு இரண்டடி முன்னால் ஒரு பெரிய பழம் விழுந்து பிளந்தது. வண்டியை நிறுத்தினோம். பைக்கிலிருந்து இறங்கிய மச்சான் மூக்கைச் சுருக்கி, வண்டிக்கு அடியில் குனிந்து மோந்தார்.

"கிளட்ச் எரிஞ்சிடுச்சு."

அந்தச் சாலையோரத்தில் நின்றுதான் கோயம்புத்தூர்க்காரருக்குப் பதிவை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, மேட்டுல ஏத்துனீங்களா?"

"இல்லைங்க, சமதளம்."

"அப்பறம் ஏனுங்க இப்படி மூச்சு வாங்குது? வண்டில என்னங்க இருக்குது?"

"பலாப்பழம்ங்க. நீங்க சொன்ன மாதிரி ஃபுல் லோடு. ஆயிரத்து இருநூத்தி மூணு கிலோ."

லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"அண்ணா," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "லோடுன்னா எஞ்சினுக்கு லோடுங்க. ஆக்சிலேட்டர அடிவரைக்கும் மிதிக்கறதுக்குப் பேருதானுங்க ஃபுல் லோடு. வண்டி காலியா இருக்கோணும்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் டைரியைப் பார்த்தேன். அவள் மட்டும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"லோடு இல்லாம ஓட்டணும்னுதாங்க நான் கேட்டேன். ஊரக் கூட்டி ஒரு டன்னு ஏத்தி விட்டீங்களே!"

பிளந்த பழத்தை வீணாக்கவில்லை. மேஸ்திரியையும் கூப்பிட்டு நான்கு பேரும் அங்கேயே தின்றோம். நல்ல பழம். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஓட்ட நாளுக்குப் பதினாறு நாள்தான் இருந்தது, கிளட்ச் இல்லை. தப்பு என்னுடையது. மச்சான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் பாட்டுக்கு ஒரு முடிவெடுத்துக்கொண்டு, கியர் பாக்ஸை மறுபடி இறக்கி, வழக்கமானதற்குப் பதிலாகக் கடினமான ஸ்பிரிங் வைத்த கிளட்ச் ஒன்றை வரவழைத்துப் பூட்டினார். "இது எவ்ளோ இழுவ வந்தாலும் வழுக்காது மாமா. இதுக்கு ஏத்த மாதிரி ஃபைல் போட்டா, அந்த ஏரியாவுல இந்த மாதிரி பிக்கப்பே இருக்காது." அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. நின்றுபோன வண்டிகளை ஓட வைப்பதுதான் இருபது வருடமாக அவர் வேலை. ஓடுகிற வண்டியை இன்னும் ஓட வைக்க யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அவள் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள். ஒரு தடவை. இரண்டாவது தடவை மிதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லா இருக்குடா," என்று தம்பியிடம் சொன்னாள். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் கடலூர் போய், வீட்டில் உடம்பு எடை பார்க்கும் கண்ணாடித் தட்டை எடுத்து வந்தேன். மச்சானின் பழைய வாடிக்கையாளர் ஒருவருடைய, இதே மாடல் பிக்கப் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அதன் கிளட்ச் பெடல்மேல் தட்டை வைத்து, மச்சானைக் காலால் அதை மிதிக்கச் சொல்லி, நான் வண்டிக்குள் குப்புறப் படுத்து எண்ணைப் படித்தேன். பதின்மூன்று கிலோ. எங்கள் வண்டியில் பத்தொன்பதரை.

"கடலூர்லேர்ந்து சிதம்பரம் வர்றதுக்கு அக்கா எத்தன தடவ கிளட்ச் மிதிக்குது தெரியுமா?" என்றேன். "எண்ணியிருக்கேன். சாதாரண நாள்ல நூத்தித் தொண்ணூறு. தடத்துல ஒரு ரவுண்டுக்கு எட்டுன்னு வையி. அஞ்சு ரவுண்டு நாப்பது. வெளிய வந்து நிறுத்துற வரைக்கும் அம்பது. அம்பது தடவ பத்தொம்பதரை."

"மாமா, கிளட்ச மாத்துனா பவர கொறைக்கணும். சாதா கிளட்ச் தாங்காது. இவ்ளோ பாடுபட்டது எதுக்கு?"

"எனக்கு ஒன்னும் கஷ்டமில்ல, இருக்கட்டும்," என்றாள் அவள்.

"நீ சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. தட்டைத் தூக்கிட்டு வந்துட்டாரு, எடை போட."

மச்சான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு குனிந்து அவள் முட்டியைப் பார்த்தார். புடவைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மச்சான் தட்டை வாங்கித் தானே தரையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஊன்றி, பத்தொன்பதரை வரும்வரை அழுத்திப் பார்த்தார். எழுந்து ஜாக்கியை இழுத்து வந்தார். கியர் பாக்ஸை மூன்றாவது முறையாக இறக்கத் தொடங்கினார்.

"ஆடி மாசத்துல வேல செஞ்சா இப்படித்தான்," என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஒரே வேலைய மூணு தடவ செய்யணும்."

கோயம்புத்தூர்க்காரரிடம் நிலைமையைச் சொன்னேன். இந்த முறை ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டேன். சாதா கிளட்ச் தாங்கும் அளவுக்குத்தான் கீழ் வேகத்தில் இழுவை வைக்க முடியும், மேலே போகப் போகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்றார். காலி வண்டியை ஓட்டிப் புதுப் பதிவு அனுப்பினோம். முள் சரசரவென்று ஏறிற்று. அவர் இரண்டு ஃபைல் அனுப்பினார். சாலைக்கு ஒன்று, எண்பதுக்கு மேல் போகாத வேகக் கட்டுப்பாடு அப்படியே இருக்க. தடத்துக்கு ஒன்று, அது இல்லாமல். தடத்து ஃபைலைத் தடத்தில்தான் ஏற்றுவது, வெளியே வரும் முன் எடுத்துவிடுவது என்று நான் நிபந்தனை வைத்தேன். "ஏனுங்க, எஞ்சின எத்தன குதிரை சக்திக்கு ட்யூன் பண்ணியிருக்குதுன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று சிரித்தார். "பதின்மூணு கிலோவுக்குங்க," என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி மூவரும் முன்சீட்டிலேயே நெருக்கி உட்கார்ந்து போனோம். தடத்தில் வழவழப்பான கார்கள் வரிசையாக நின்றன. பின்கதவில் பலாப்பால் கறை போகாத எங்கள் வண்டியைச் சிலர் போட்டோ எடுத்தார்கள். சோதனை செய்தவர் வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்து, "கியர் பாக்ஸ் புதுசா?" என்றார். "மூணு தடவ புதுசு சார்," என்றார் மச்சான்.

ஓட்டுநர் யார் என்று கேட்டபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவளைக் காட்டினோம். ஹெல்மெட் கொடுத்தார்கள். கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்ட பிறகுதான் தலை அதற்குள் போயிற்று. அன்றைக்கென்று வாங்கிய சுடிதாரில் அவள் கொஞ்சம் கூச்சமாக இருந்தாள். இடது முட்டியில் இறுக்கமான உறை. ஏறும் முன் என்னிடம் கைப்பையையும் வளையல்களையும் கொடுத்தாள்.

"வலிச்சா உடனே வந்துடு," என்றேன்.

"அஞ்சு ரவுண்டுங்க. எண்ணிக்கிங்க."

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நானும் மச்சானும் நின்றோம். என் கையில் டைரியும் போன் கடிகாரமும். மச்சான் எதையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் ரவுண்டு நிதானமாக வந்தாள். இரண்டாவதில் நேர்ப்பாதையில் எஞ்சின் திறந்துகொண்டது. அந்தச் சத்தத்தை நான் பதினோரு வருடத்தில் கேட்டதே இல்லை. அந்த வண்டியிலிருந்துதான் வருகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். வளைவில் பின்பக்கம் லேசாகத் துள்ளி, நின்று, நேரானது. "பாத்தீங்களா மாமா, பாத்தீங்களா," என்று மச்சான் என் கையைப் பிடித்து உலுக்கியதில் அந்த வரியின் எழுத்து கோணலாக இருக்கிறது. மூன்றாவது ரவுண்டு இரண்டாவதைவிட நான்கு வினாடி குறைவு.

நான்காவது ரவுண்டில் முதல் வளைவுக்கு முன்னால் சத்தம் மாறியது. எனக்குத் தெரியவில்லை, மச்சானுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தார்.

"முட்டி புடிச்சிகிச்சு."

"எப்படிச் சொல்ற?"

"கேளுங்க. கியர் மாறுறதுக்கு நடுவுல இவ்ளோ நேரம் எடுக்குது பாருங்க. ஆக்சிலேட்டராலயே எஞ்சின் வேகத்த கியருக்கு ஒத்துப்போக வைக்குது. அக்கா கிளட்ச் மிதிக்கல." தலையில் கை வைத்துக்கொண்டார். "குமராட்சி வேலைய காட்டுது. ஐயோ, என் சிங்க்ரோ!"

நான் வேலிக் கம்பியைப் பிடித்தேன். கொடிகாட்டுபவரிடம் போய் நிறுத்தச் சொல்லலாமா என்று மச்சானைக் கேட்டேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். தூரத்தில் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும் சத்தம். ஒரு சின்ன இடைவெளி, எஞ்சின் ஒரு உறுமல், பிறகு ஒரு உரசலும் இல்லாமல் கியர் உட்கார்ந்தது.

"எப்படித்தான் வருதோ இதுக்கு," என்றார் மச்சான். அவர் குரலில் இப்போது புலம்பல் இல்லை.

நான்காவது ரவுண்டுக்கு மூன்றாவதைவிட ஒன்பது வினாடி கூடுதல். ஐந்தாவதற்கு ஏழு வினாடிதான் கூடுதல். கோட்டைத் தாண்டியபின் வண்டியை அவளே உள்ளே கொண்டுவந்து, கியரை விலக்கி, பிரேக்கில் நிறுத்தினாள். அப்போதுகூட இடது காலை அசைக்கவில்லை. நாங்கள் ஓடினோம். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் வியர்வை. முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் அந்தக் கிளட்சுக்கு எவ்ளோ அடிச்சுகிட்டீங்க! கடைசியில நான் அத மிதிக்கவே இல்ல."

"வலிக்குதுன்னா நிறுத்திட்டு வர்றதுதானே," என்றேன்.

"மூணு ரவுண்டுலயா? அஞ்சுன்னு எழுதித் தரலியா?"

இரண்டு பேருமாக அவளைத் தூக்கி இறக்கினோம். மச்சான் தடத்து ஃபைலை எடுத்துவிட்டு சாலை ஃபைலை ஏற்றினார். திரும்பும்போது அவர் ஓட்டினார், அவள் காலை என் மடியில் நீட்டிக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

மறுநாள் மச்சான் கியர் பாக்ஸ் எண்ணெயை இறக்கினார். ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி வெயிலில் விரித்துக் காட்டினார். துணியில் மஞ்சளாகச் சில பொடிகள் மின்னின. புதுப் பித்தளை வளையத்தின் தூள். "ரொம்ப இல்ல மாமா. பத்து வருஷம் தாங்கும். அக்காகிட்ட சொல்லாதீங்க, பீத்திக்கும்." துணியை மடித்துத் தன் மேசை டிராயரில் வைத்தார். அந்த டிராயரில் அவர் அழுக்குத் துணி வைத்து நான் பார்த்ததில்லை.

ஆவணி பிறந்து நான்காம் நாள் ஆபரேஷன் நடந்தது. இப்போது பத்து வாரம் ஆகிறது. டாக்டரிடம் வண்டியைப் பற்றி மறுபடி கேட்டாள். நடை நன்றாக இருக்கிறது, காலில் பலம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம் என்றார். எவ்வளவு வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும்.

கண்ணாடித் தட்டைச் சுவரில் சாய்த்து வைத்து, அவளை எதிரே நாற்காலியில் உட்கார வைப்பேன். இடது காலால் தட்டை மிதிப்பாள். நான் தரையில் படுத்து எண்ணைப் படிப்பேன். முதல் நாள் மூன்று கிலோ இருநூறு. ஒரு வாரம் நான்கிலேயே நின்றது. போன வாரம் பத்தைத் தாண்டியது. அன்றைக்கு மச்சான் போனில், "அக்கா, அவசரப்படாத. வேணும்னா ஒன்பது கிலோவுக்கு ஒரு கிளட்ச் செஞ்சு தர்றேன்," என்றார். "அப்படி ஒன்னு இருந்தா அன்னிக்கே போட்டிருக்க வேண்டியதுதானடா," என்று வைத்துவிட்டாள்.

இன்று காலை பன்னிரண்டு கிலோ நானூறு. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

"பதிமூணுன்னு எழுதிக்கிங்க," என்றாள். "அறுநூறு கிராம் என்ன பெருசா?"

"எடைமேடையில அப்படி எழுத முடியாது."

"என்னமோ ஆயிரத்து இருநூத்தி மூணு கிலோ பலாப்பழம் ஏத்துனப்ப ரொம்பச் சரியா எழுதுனீங்க."

நான் பேனாவை மூடாமல் காத்திருந்தேன். அவள் நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தட்டில் காலை வைத்தாள்.

"குனிஞ்சு பாருங்க," என்றாள்.